கடல்சொறியும் ஒரு கெட்டில் நல்ல தண்ணீரும்

பிப். 10, சனி

காலையில் பனி. டிஸ்பென்சரியில் இருமல் பதினொன்று, சாக்குப்போக்கு நான்கு. நாளை எஸ்டேட் லாரியில் எல்லோரும் கோழிக்கோட்டுக் கடற்கரைக்கு. கம்பவுண்டர் இல்லாமல் லாரி புறப்படக் கூடாதாம், மேனேஜர் உத்தரவு. என் ஞாயிறு போச்சு.

லயத்து வீடுகளில் இருக்கும் சிலோன்காரர்களின் அலட்டல் தாங்கவில்லை. "கடலா? நாங்க அதத் தாண்டித்தானே வந்தோம்!" கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர்களுக்குக் கடல் தெரியுமாம்.

எடுத்துப்போக: பஞ்சு, டிங்சர், குடை, கெட்டிலில் காய்ச்சிய தண்ணீர்.

பிப். 11, ஞாயிறு

கடும் வெயில். தற்காலிகமாகக் கொழுந்து பறிக்கும் சரோஜா, வயது பத்தொன்பது, புடவையோடு இடுப்பளவு இறங்கினாள். இரண்டாவது அலையிலேயே அலறல். வலது கையில் முழங்கை முதல் விரல் வரை சிவப்புக் கோடுகள். கண்ணாடி நூல் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"அட்டை! கடல்ல அட்டை புடிச்சிருச்சு!" சுருக்குப்பைச் சுண்ணாம்போடு ஓடிவந்தாள் அவள் அம்மா. தேயிலைக்காட்டு அட்டைக்குப் பூசுவதைக் கடலுக்கும் பூசுகிற கூட்டம். அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். சரோஜாவின் கையில் கெட்டில் தண்ணீரை ஊற்றி, துண்டால் அழுத்தித் தேய்த்தேன்.

வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மீன்காரர் கத்தினார். "கடல்சொறியாணு! நல்ல வெள்ளம் ஒழிக்கல்லே, திரும்மல்லே! உப்புவெள்ளம் மதி!" ஜெல்லிமீனாம், நல்ல தண்ணீர் கூடாதாம், தேய்க்கக் கூடாதாம், கடல் தண்ணீரே போதுமாம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வைத்தியம் சொல்ல வந்துவிட்டார்.

"ஏனுங்க, உங்க வேலையப் பாருங்க." இன்னும் ஊற்றினேன். அவள் மணலில் உருண்டாள்.

பிப். 12, திங்கள்

கை வீக்கம். கொப்புளங்கள். விரல் மடங்கவில்லை. புதனன்று பேர்பதிவு, இடையில் லீவு விழாத தற்காலிக ஆட்களுக்குத்தான் நிரந்தர வேலை. இன்று இடது கையால் மட்டும் பறித்தாளாம். "ஐயா, லீவு மட்டும் எழுதிறாதீங்க" என்றாள். காய்ச்சல் வேறு.

மாலையில் தடித்த வைத்தியப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஒரே ஒரு பத்தி. கடல்நீரால் கழுவவும், நல்ல நீர் படக் கூடாது, தேய்த்தால் விஷம் ஏறும். ஏழு வருஷமாக என் அலமாரியில்தான் இருக்கிறது.

லுங்கிக்காரர் சொன்னது அப்படியே. சே.

பிப். 14, புதன்

தூறல். பேர்பதிவு. மேனேஜர் சரோஜாவின் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். "எப்படி இவ்வளவு மோசமாச்சு?"

"அங்க ஒரு மீன்காரன் கண்டதையும் போட்டுத் தேச்சுட்டானுங்க" என்றேன். நாக்கு கூசவில்லை.

"இல்லைங்க தொரை" என்றாள் சரோஜா. "அந்த மனுசன் வேணாம்னுதான் கத்துனாரு. தேச்சது நம்ம கம்பவுண்டர் ஐயா."

மேனேஜர் பேனாவை மூடினார். "கைக்குப் பத்து நாள் ஓய்வு வேணும். உங்க வைத்தியத்தாலதான் கெட்டதுன்னு எழுதிக் குடுங்க. அப்பதான் லீவு கணக்குல வராது, இவ பேரு ஏறும். அஞ்சு மணிக்குள்ள."

மூன்று காகிதம் கிழித்தேன். நாலாவதை வாங்கிப்போக சரோஜாவின் அம்மா வந்தாள். படிக்கத் தெரியாதவள். "என்னா எழுதியிருக்கீங்க?" என்றாள். வாசித்துக் காட்டினேன். வாசலில் ஆட்கள் நின்றார்கள். சத்தமாகவே வாசித்தேன்.

"அந்த மீன்காரரையும் போடுங்க. நல்லதுதானே சொன்னாரு."

போட உட்கார்ந்தேன். அவர் பேரை நான் கேட்கவே இல்லை.