செங்கல் தூளில் ஒரு தடம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். நலம் விசாரித்தாகிவிட்டது. இனி உன்னைத் திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. புத்தகம் எழுதுகிற நிருபருக்கு அனுப்பினாய், சரி. அக்கா புருஷனுக்கும் ஒன்று அனுப்ப உனக்கு எப்படி மனசு வந்தது? தபால்காரர் வந்தபோது நான் தையல் மிஷினில் இருந்தேன். உன் அத்தானே கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்றபடியே படித்து, மடித்து என் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நாலு வார்த்தை கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றிலிருந்து இந்த வீட்டில் என் மிஷின் மட்டும்தான் சத்தம் போடுகிறது.

முழுசாகத் தெரிந்துகொண்டு அப்புறம் குதி. கொட்டாவியை உனக்கு நினைவிருக்கும். எந்த ஆட்டமானாலும் வாயைப் பிளந்துகொண்டே குறிப்பெடுப்பாரே, அந்தப் பத்திரிகை நிருபர். ஓய்வு பெற்றதும் நம் டென்னிஸ் போட்டியின் வரலாற்றை எழுத உட்கார்ந்துவிட்டார். கிளப் அதை அச்சடிக்கிறது. முன்பகுதியை எனக்குப் படித்துக் காட்டினார். குறை சொல்ல முடியாது. சூளை முதலாளி உடைந்த செங்கல்லை வீணாக்க மனமில்லாமல் இடித்துச் சலித்து, தரையில் பரப்பி ஆடுகளம் போட்டது, முதல் வருடம் வலை அறுந்து போய்ப் போர்வையைக் கட்டி ஆடியது, தோற்றவன் பெயர் பொறித்த செங்கல்லை இடித்து அடுத்த வருடத் தரையில் தூவியது, எல்லாம் இருக்கிறது. கோடு துடைக்கத் தனியாக ஆள் வைக்க முதலாளிக்கு மனம் வராததால், ஒவ்வொரு கேம் முடிந்ததும் ஆடியவரே தன் பக்கத்துக் கோட்டைக் காலால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற வழக்கத்தையும் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு கஞ்சத்தனம் வேறெந்த ஊர்ப் போட்டியிலும் இருந்திருக்காது.

கடைசி அத்தியாயத்தில்தான் வினை. கடைசி வருடத்து இறுதி ஆட்டத்தில் நீ செங்கல் தூளில் பதிந்த பந்தின் தடத்தை "வேண்டுமென்றே அழித்தார்" என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நீ கோர்ட்டுக்குப் போகிறேன் என்கிறாய். எனக்கும் வயிறு எரிகிறது. அது அச்சானால் உன் பிள்ளைகள் நாளைக்கு அப்பாவை ஏமாற்றுக்காரன் என்றல்லவா படிக்கும்! கொட்டாவி வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். "என் கண்ணுக்கு அப்படித்தாம்மா தெரிஞ்சுது. நடுவர் வந்து இல்லேன்னு சொல்லட்டும், எடுத்துடறேன்" என்றார். சனிக்கிழமை கிளப்பில் எல்லோர் முன்னாலும் அந்தப் பக்கத்தைப் படித்து நடுவரைக் கேட்கப் போகிறார்கள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நடுவரோ உன் அத்தான். வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்.

ஆடின உனக்கே அந்த ஆட்டத்தைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் உனக்கு. வெளியூர்க்காரன் அடித்த பந்து உன் பின்கோட்டை ஒட்டி விழுந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர் வெளியே என்று கையை நீட்டினார். சூளை ஆட்கள் விசிலடித்த விசிலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. வெளியூர்க்காரன் தடத்தைப் பார்க்க வேண்டும் என்று கையைத் தூக்கினான். செங்கல் தூள் தரையில் அது அவன் உரிமை. அத்தான் நாற்காலியிலிருந்து இறங்கினார். நீ அதைப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்தது என்று நினைத்து, சின்ன வயதிலிருந்து செய்கிற மாதிரியே கோட்டைக் காலால் தேய்த்துவிட்டாய்.

தன் பக்கத்துத் தடத்தை அழித்தவன் புள்ளியை விட்டுக்கொடுத்துவிட்டான் என்பது சட்டம். அவர் மச்சினன் என்று பார்க்கவில்லை. புள்ளியை வெளியூர்க்காரனுக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு உனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ தோற்றதும் ஜனம் வேலியைப் பிய்த்துக்கொண்டு இறங்கி நாற்காலியைக் கவிழ்த்தது. வெளியூர் ஆட்டக்காரர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டோம் என்று போனார்கள். போட்டியே அதோடு நின்றது.

அன்று சாயங்காலம் நீ என் வீட்டு வாசலில் நின்று, "பந்து வெளியிலதான்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்க அத்தான், அது போதும்" என்று கேட்டாய். "தடம் இல்லாம நான் என்னத்தச் சொல்றது" என்றார். திரும்பிப் போனவன் போனவன்தான், இன்று வரை நீ என் வீட்டுப் படி ஏறவில்லை.

சூளை எடைமேடையில் அரைக் கல்லைக்கூட அதிகமாக விடாத மனிதர் என்று தெரிந்துதானே என்னை அவருக்குக் கட்டிக் கொடுத்தீர்கள்? அவருக்கு வளையத் தெரியாது, பொய்யும் வராது. அந்த நம்பிக்கையில்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். ஆனாலும் உன் நோட்டீஸ் அவர் மனதை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ, பயமாக இருக்கிறது. சனிக்கிழமைக்குள் அவருக்கு ஒரு போன் போடு. முடியாவிட்டால் அந்த வக்கீலையாவது கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்.

உன் நன்மையையே நினைக்கும்,
அக்கா

-

தம்பிக்கு,

நீ போன் போடவில்லை. பரவாயில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கூட்டம் முடிந்தது. கிளப் மாடியில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். பாதி முகம் அன்றைக்கு வேலியைப் பிய்த்த முகம், இப்போது நரைத்திருக்கிறது, அவ்வளவுதான். கொட்டாவி படித்தார். "வேண்டுமென்றே" என்ற இடம் வந்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தான் எழுந்தார். "அந்த வார்த்தை தப்பு. அவன் பழக்கதோஷத்துல தேய்ச்சான். இங்க ஆடின அத்தன பேரும் அப்படித் தேய்ச்சவங்கதான். ஏமாத்தற புத்தி அவனுக்குக் கிடையாது" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் பின்னாலிருந்து பழைய லாரி டிரைவர் ஒருவர், "அது தெரிஞ்சும் எங்க பையன் புள்ளிய ஏன்யா பிடுங்கிக் கொடுத்தே?" என்று கத்தினார். நாற்காலிகள் நகர்ந்தன. ஆமாம், சொல்லு, சொல்லு என்று நாலு பேர் முன்னால் வந்தார்கள். பழைய கதை மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் உட்காரவில்லை. "சட்டத்துல பழக்கத்துக்கு இடமில்ல. இன்னிக்குக் கேட்டாலும் அதே தீர்ப்புத்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். தண்ணீர் டம்ளரை எடுத்தபோது பாதி மடியில் கொட்டியது. முன்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். கொட்டாவி எல்லோர் கண்முன்னாலும் அந்த வார்த்தையை அடித்து, "பழக்கத்தால்" என்று எழுதினார்.

உன் பெயர் தப்பியது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இதை அவனிடம் சொல்ல இத்தனை வருடமாக உங்களுக்கு வாய் வலித்ததா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். தெருமுனையில் இருக்கிற என் தையல் கடையைப் பூட்டியிருக்கிறேனா என்று பார்க்க நான் குனிந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பந்து வெளியிலதான் விழுந்துச்சு" என்றார்.

நாற்காலியில் இருந்தபோதே தெளிவாகப் பார்த்தாராம். அப்புறம் எதற்கு இறங்கினீர்கள் என்று கேட்டேன். "வெளியூர்க்காரன் கேட்டா இறங்கித்தான் ஆகணும். நான் தடத்தத் தேடிப் போகல, அவனுக்குக் காட்டறதுக்குப் போனேன். கிட்டப் போறதுக்குள்ள உன் தம்பி தேய்ச்சுட்டான்" என்றார்.

அப்போதே திரும்பிப் போய் இதையும் சொல்லிவிட்டு வருவோம், திங்கட்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. "காட்ட முடியாத தடத்துக்கு நடுவர் சாட்சி சொல்லக் கூடாது. அதுவும் மச்சினனுக்கு. எதிர்ல ஆடினவனும் மனுஷன்தானே, அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். சரி, நீங்களும் உங்கள் சட்டமும் என்று நான் நடந்தேன். அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், கடைக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். "நான் மெதுவா நடந்து போனேம்மா. நடுவர்னா நிதானமா போகணும்னு ஒரு கெத்து. ஓடியிருந்தா உன் தம்பி ஜெயிச்சிருப்பான்" என்றார். தெருவில் ஆள் போகிறது வருகிறது என்றுகூடப் பார்க்காமல் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

இது புத்தகத்தில் வராது. எந்தக் காலத்திலும் வராது. நீ ஜெயித்தவன் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உனக்குத் தெரியும். இதை எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் பேனாவை எடுத்ததைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார், இன்னும் விளக்கை அணைக்கவில்லை.

ஒரு தடவை சொன்னால் போதும் என்று நீ அன்று கேட்டாய். இத்தனை வருடம் கழித்து, அதுவும் ஊருக்குத் தெரியாமல் கிடைத்தது உனக்குப் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. போதும் என்றால் வா. போதாது என்றாலும் வா. வந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேள், நான் நடுவில் வர மாட்டேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, தம்பி. அதை இரண்டு பக்கமும் நான் ஒருத்தியே தாங்கிவிட்டேன்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா