செட்டப்

இருங்காட்டுக்கோட்டை,
12.9.2002

அன்புள்ள பேச்சிராஜ் அத்தானுக்கு,

மாடத்தி எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பம்பாயில் மழை நின்றதா? உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே மழையும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. அறையில் நாங்கள் நான்கு பேரும் முறை வைத்துக் குளிக்கிறோம்.

அத்தை ஊரிலிருந்து போன் செய்தார்கள். உடனே வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமாம், இல்லாவிட்டால் தை மாதம் நம் கல்யாணம் கிடையாதாம். உங்களுக்கும் அதே எண்ணம்தான் என்றார்கள். நீங்கள் சொல்லிக் கேட்காமல் அதை நான் நம்பமாட்டேன்.

நடந்தது இதுதான். எங்கள் கம்பெனியில் காருக்குள் ஓடும் வயர்கள் செய்கிறோம். வயர் மாறும்போதெல்லாம் மெஷினில் அச்சை மாற்றி, அளவு சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் செட்டப். சித்திரையிலிருந்து நான் அதில் இருக்கிறேன். பெண்களில் நான்தான் முதல் ஆள். நம்மூர் சுடலைக்கண்ணுவும் இங்கேதான் வேலை பார்க்கிறான். ஆடியில் அம்மன் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனவன் டீக்கடையில் பெருமையாக, "நம்ம மாடத்தி இப்பம் கோபால் சாரோட செட்டப்புலா!" என்று சொல்லியிருக்கிறான். கோபால் சார் எங்கள் சூப்பர்வைசர். டீக்கடையில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வைப்பாட்டி என்று சொல்ல வாய் கூசுகிறவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

எனக்கும் தெரியாததில்லை. முதல் நாள் கோபால் சார், "நாளையிலிருந்து நீ செட்டப்" என்றதும் நான் முறைத்த முறைப்பில் மனுஷருக்கு வேர்த்துவிட்டது. பக்கத்து மெஷின் ராஜம்மா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது எந்நேரமும் அது காதில் விழுகிறது. ஸ்பேனர், வயர் மாதிரி அதுவும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

உங்கள் கதையையும் கேளுங்கள். எங்கள் அத்தான் பலசரக்குக் கடைக்காரர் என்று சொல்லாமல், வாயைத் திறந்தால் சரக்கு வந்ததா, சரக்கு தீர்ந்ததா என்றுதான் பேசுவார் என்று வீட்டுக்காரம்மா சந்திரம்மாளிடம் சொல்லிவிட்டேன். "இன்னாமா, குடிகாரனையா கட்டிக்கப் போற?" என்று கன்னத்தில் கை வைத்துவிட்டார். சரக்கு என்றால் அவருக்கு பிராந்திதான். அரிசி, பருப்பு என்று விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்காகக் கடையை மூடுங்கள் என்று உங்களிடம் நான் சொன்னேனா?

அத்தான், சுடலைக்கண்ணுவும் அதே கோபால் சாருக்குக் கீழே செட்டப்தான். அவனைப் பற்றி ஊரில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலையை விடமாட்டேன். உங்களையும் விட எனக்கு மனமில்லை. ஆயுத பூஜையன்று வீட்டாரை உள்ளே விடுவார்கள், வாருங்கள். என் மெஷினைக் கண்ணால் பார்த்துவிட்டு, கேட்க வேண்டியதை என்னிடமே கேளுங்கள்.

அம்மன் உங்களைக் காக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி கேட்டில் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். இவர் உனக்கு என்ன உறவு என்று செக்யூரிட்டி கேட்டார். அவர் வரட்டும், சொல்கிறேன் என்றேன்.

இப்படிக்கு,
மாடத்தி