இருநூற்றுப் பன்னிரண்டாம் வில்லை

மார்ச் 4

அண்ணிக்குக் கொழுந்தனின் வணக்கம்.

சொல்வது நான், எழுதுவது எதிர்வீட்டுத் தையல்காரர். உங்கள் முழங்கால் வலி தேவலையா? தங்கை வீட்டில் மாடி ஏறாதீர்கள். எனக்குக் கண்தான் மங்கல். ஞாபகம் பழையபடி முள்ளாகத்தான் குத்துகிறது.

பழைய மில்லை இடிக்கிறார்கள். புகைபோக்கிக்கு அடியில் ஒரு எலும்புக்கூடு. கூடவே பித்தளை வில்லை, 212. அண்ணன் தினமும் மில் வாசலில் காட்டிவிட்டு உள்ளே போவாரே, அதே எண்.

போலீஸ் அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பெரியவரே, காணாமப்போன உங்க அண்ணனா இருக்கலாம். கொஞ்சம் ரத்தம் குடுத்தா ஒத்துப் பாத்துச் சொல்லிடுவோம்."

உங்களைக் கேட்காமல் கொடுக்க மனசு வரவில்லை. சரி என்று ஒரு வரி போடுங்கள், அண்ணி. நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் நான் 'கேன்டீன்காரியோடு ஓடினவன் தம்பி'. அவர் ஓடவில்லை என்று ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால் போதும்.

உங்கள் கொழுந்தன்

மார்ச் 15

அன்புள்ள தம்பி,

வேண்டாம்.

வில்லையை வைத்து என்ன சொல்ல முடியும்? வராதவன் வில்லையையும் வந்தவன் காட்டி, இரண்டு பேருக்கும் வருகை போட்டுக்கொள்வீர்களே. அதைச் சொல்லிச் சொல்லி அண்ணனும் தம்பியும் சாப்பாடு புரையேறச் சிரித்தது மறந்துபோச்சா? அவர் வில்லையோடு எவன் உள்ளே போனானோ. வெளியூர்க் கூலிக்காரன் ஒருவன் காணாமல் போனால் அங்கே யார் தேடினார்கள்?

இவர் எங்கேயோ தலை நரைத்து, அவளோடு சண்டை போட்டுக்கொண்டு, சீட்டியடித்தபடி முகம் மழிக்கிறார் என்றுதான் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் மனசுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை. நீங்கள் ரத்தம் கொடுத்து, அது அவர்தான் என்றாகிவிட்டால் நான் யாரைத் திட்டுவேன்? இத்தனை வருஷம் திட்டினதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உங்களுக்குக் கஷ்டம்தான். தெரிந்துதான் கேட்கிறேன்.

அண்ணி

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

ரத்தம் கொடுக்கவில்லை.

"ஊசின்னா பயமா, பெரியவரே?" என்றார் அதிகாரி.

"ஊசிக்கு இல்லீங்க, எங்க அண்ணிக்கு" என்றேன். சிரித்துவிட்டார். தையல்காரரும் இப்போது சிரிக்கிறார். "சிரிக்காம எழுதுய்யா" என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்று பொது இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். பெயர் எழுத வேண்டிய பலகையில் வெறும் நம்பர். உறவென்று யாரும் வரவில்லை. குழி வெட்டியவர், "நீங்க யாரு, சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றால் உங்களுக்குத் துரோகம். இல்லை என்றால் அண்ணனுக்கு. "மில்லுல கூட வேலை பாத்தவன்" என்றேன். யாராக இருந்தாலும் அது பொய்யில்லை.

அவர் மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். மூன்று தடவை மண் தள்ளினேன். அதற்கு மேல் கை வரவில்லை. நடுரோட்டில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் வழக்கம்போல் திட்டுங்கள், அண்ணி. நாளைக்கு எனக்காகவும் ஒன்று சேர்த்துத் திட்டுங்கள்.

உங்கள் கொழுந்தன்