எட்டு இன்ச் வைஸை உடைச்சது யாரு

பெரியவளுக்கு அப்பா எழுதறது. நானும் உங்கம்மாவும் இங்கே சுகம்தான், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதே மாதிரி இருக்கீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதுக்குக் காகிதத்துல எழுதறாருன்னு யோசிப்பே, காரணம் இருக்கு, வரிசையா வரேன். முதல்ல வீட்டுச் சேதி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டு பிரிச்ச அன்னைக்கே வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு, இவ்வளவு ஒட்டடைக்கு நடுவுலயா இத்தனை நாள் என்னைக் குடித்தனம் பண்ண விட்டீங்கன்னு ஆரம்பிச்சா, பார்வை சரியாயிடுச்சுன்னு டாக்டரைக் கேட்காமலே தெரிஞ்சுபோச்சு. தம்பி போன வாரம் வந்து குளியலறைக் குழாயை மாத்திக் கொடுத்துட்டுப் போனான். நான் ஸ்டூல்ல உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன், அவன் மாத்தினான், அந்த அளவுக்கு எனக்கு வயசாயிடுச்சு. மாடிப்படியில நின்னு நின்னுதான் ஏறறேன், மத்தபடி கையில நடுக்கம் கிடையாது, பயப்படாதே.

என் வைஸ் பைத்தியம் உனக்குத் தெரியும். நீ போன தடவை வந்தப்போ பதினொண்ணு இருந்துது, இப்போ பதினேழு. இந்த வீட்டுல மனுஷங்க ரெண்டு பேரு, வைஸ் பதினேழு, நாளைக்கு ஓட்டெடுப்பு வச்சா நாங்கதான் வெளியே போகணும்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட அம்மா சொல்லிக்கிட்டிருக்கா. ரிட்டயர் ஆனதும் ஒருத்தர் செடி வளர்ப்பாரு, ஒருத்தர் நடைப்பயிற்சிக்குப் போவாரு, நான், பட்டறை மேஜையில முடுக்கி இரும்பைக் கவ்விப் பிடிக்க வைக்கிற வைஸ் எங்கேயாவது துருப்பிடிச்சுக் கிடந்தா தூக்கிட்டு வந்து, மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, திருகு ஒரு விரல்ல சுத்தற வரைக்கும் விடமாட்டேன். ஏன் மாமா குறிப்பா வைஸ்னு மாப்பிள்ளை ஒரு தடவை கேட்டாரு. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு மாதிரி இப்போ வராதுன்னு ஏதோ சொல்லி மழுப்பினேன். அது நிஜமான பதில் கிடையாது. நிஜத்தை எழுதத்தான் இப்போ உக்காந்திருக்கேன்.

போன மாசம் பழைய இரும்புக் கடைக்காரர் போன் பண்ணி, சார் ஒரு யானை வந்திருக்கு, வந்து பாருங்கன்னாரு. எங்க பம்ப் கம்பெனியை மூடினது உனக்குத் தெரியுமே, அங்கேருந்து வந்த சாமான் ஒரு குவியலா அவரு முற்றத்துல கிடந்துது. அடியில ஒரு எட்டு இன்ச் வைஸ், ரெண்டு ஆள் இருந்தாத்தான் அசையும், முன்பக்கத் தாடை கழுத்துல உடைஞ்சு பித்தளை வச்சுப் பத்தவச்சிருந்துது. குனிஞ்சு பின்னாடி தடவினேன், மூணு புள்ளி பஞ்ச் அடிச்சிருந்துது. அது அரைமில்லி மாமாவோட அடையாளம். நீ அவனை மறந்திருக்க மாட்டே. அரை மில்லிமீட்டர் கூடினாலும் வேலையைத் திருப்பிக் கொடுத்துடுவான்னு கம்பெனியில வச்ச பேரு அது, நீ அதைத்தான் நிஜப் பேருன்னு நினைச்சு என் நண்பர்ங்கற கட்டுரையில எழுதி டீச்சர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டே. நானும் அவனும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க, அதனால அவன் இவன்னுதான் வருது, தப்பா எடுத்துக்காதே. அம்மாவும் நானும் வேலைக்குப் போன காலத்துல ஸ்கூல் விட்டதும் நீ நேரா அவங்க வீட்டுக்குத்தான் போவே. அவங்களுக்குப் பிள்ளை இல்லை. நீ செருப்பைக் கழட்டும்போதே பேச ஆரம்பிச்சு, அம்மா வந்து கூட்டிட்டு வர்ற வரைக்கும் வாயை மூட மாட்டே, அத்தை தையல் மெஷினை மிதிச்சுக்கிட்டே ஒண்ணு விடாம கேட்டு நடுநடுவே கேள்வியும் கேட்பாங்க.

அந்த வைஸை உடைச்சது நான். அது அரைமில்லியோட மேஜையில இருந்துது, அவன் பொறுப்பு. அவன் சாப்பிடப் போயிருந்த நேரம், என் வைஸ்ல அடங்காத ஒரு ஷாஃப்ட்டை நிமிர்த்த வேண்டியிருந்துது, கேட்காம அதுல மாட்டினேன். இறுக்கம் போதலைன்னு கைப்பிடியில ரெண்டடி பைப்பைச் செருகி அழுத்தினேன், அப்படிச் செய்யவே கூடாதுன்னு சுவத்துல எழுதியே போட்டிருந்துது. டிக்குன்னு ஒரு சத்தம், கழுத்துல முடி மாதிரி ஒரு கோடு. ஷாஃப்ட்டை எடுத்துட்டு, பைப்பை இருந்த இடத்துலயே வச்சுட்டு, தாடையை மெதுவா மூடினேன், கோடு வெளியே தெரியலை. அவன் வந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அவன் எதையோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வந்தான், சரி, ஒரு பத்து நிமிஷம் போகட்டும்னு தள்ளிப்போட்டேன். அந்தப் பத்து நிமிஷம் இருபத்தெட்டு வருஷமா முடியலை. அவன் வேலையை மாட்டி இறுக்கினான், தாடை அப்படியே கழண்டு அவன் காலுக்குப் பக்கத்துல விழுந்துது, ஒரு சாண் தள்ளியிருந்தா பாதம் போயிருக்கும். அன்னைக்கு அனுப்ப வேண்டிய பம்ப் நின்னுபோச்சு. மானேஜர் எங்க நாலு பேரைக் கூப்பிட்டு வேற யாராவது தொட்டீங்களான்னு கேட்டாரு, நான் யாரையும் பார்க்கலைன்னேன். தொட்டியான்னு கேட்டதுக்குப் பார்க்கலைன்னு பதில் சொல்லிட்டு, பொய் சொல்லலைன்னு எனக்கு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். அவனை ஃபிட்டிங்லேருந்து எடுத்து, கேட்டுல லாரிக்குச் சீட்டு எழுதப் போட்டுட்டாங்க. அந்த மாதிரிக் கை, சீட்டு எழுதிச்சு. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மேஸ்திரி வேலைன்னு பேச்சு இருந்துது, அது எனக்கு வந்துது. ரெண்டு மாசத்துல அவன் விலகி, ஊர்க்கோடியில ஒரு கிரில் பட்டறையில போய்ச் சேர்ந்துட்டான்.

இதுவரைக்கும் கம்பெனி விஷயம். இனிமே உன் விஷயம், இந்த இடத்துல வந்து நாலு காகிதத்தைக் கிழிச்சுட்டேன். நீ தினமும் அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்து மாமா அதைச் சொன்னாரு, அத்தை இதைக் கேட்டாங்கன்னு சொல்லும்போது நான் பாதிச் சாப்பாட்டுல எழுந்துடுவேன். ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு, இனிமே அங்கே போகாதே, நீ ஓயாம பேசறது தலைவலியா இருக்குதாம், அனுப்ப வேண்டாம்னு அத்தை சொல்லிட்டாங்கன்னு சொன்னேன். அத்தை அப்படி எதுவும் சொல்லலை. ஒரு வார்த்தை சொல்லலை. நானா இட்டுக்கட்டினது. உனக்குப் பதினொரு வயசு, நீ அழலை, நான் நிஜமாவே அவ்வளவு பேசறேனான்னு மட்டும் கேட்டே. நான் ஆமான்னேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல உன் சத்தம் குறைஞ்சுபோச்சு. பொண்ணு வளர்ந்துட்டா, பொறுப்பு வந்துடுச்சுன்னு சொந்தக்காரங்க பாராட்டினாங்க, நானும் தலையாட்டினேன்.

வைஸை வீட்டுக்குக் கொண்டுவந்து பெயின்ட்டைச் சுரண்டினேன். மேலே பச்சை, அதுக்குக் கீழே சாம்பல், அதுக்கும் கீழே கழுத்துல சுண்டுவிரல் நுழையற அளவுக்கு ஒரு குழி, வார்க்கும்போதே காத்து அடைச்சு வந்த குழி, மக்கு வச்சுப் பூசி மறைச்சிருந்துது. பிறக்கும்போதே ஊனம், என்னைக்கு இருந்தாலும் உடைஞ்சிருக்கும். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னா வெட்கம். ஷெட்டுல தனியா நின்னு சிரிச்சேன். அந்தத் தாடையை மட்டும் கழட்டி, துண்டுல சுத்தி, ரெண்டு பஸ் மாறி அரைமில்லி வீட்டைத் தேடிப் போனேன். இருபத்தெட்டு வருஷம் போகத் துணிவில்லாத வீட்டுக்கு, என் மேல முழுத் தப்பும் இல்லைன்னு காட்ட ஒரு சாட்சி கிடைச்சதும் போயிட்டேன் பாரு, உங்கப்பன் அப்படிப்பட்டவன்.

ஒரு மாடி அறையில தனியா இருக்கான். காது மந்தம். கதவைத் திறந்து, முகத்தைப் பார்த்ததும் உள்ளே வான்னான். நான் உக்காராமலே எல்லாத்தையும் கொட்டிட்டு, துண்டைப் பிரிச்சுக் குழியைக் காட்டினேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கட்டைவிரலால உள்ளே தடவினான், பத்தவச்சது கோணல், அரை மில்லிக்கு மேல இருக்கும்னான், எனக்கு நெஞ்சு லேசாச்சு. அப்புறம் அதைத் துண்டு மேலேயே திருப்பி வச்சுட்டு, இப்போ பேச்சு வைஸைப் பத்தியான்னு கேட்டான். நீதான்னு அன்னைக்கே தெரியும், பைப் வாயில புதுசா உரசின தடம் இருந்துது, நீயும் என் முகத்தைப் பார்க்கலைன்னான். பின்ன ஏன்டா சொல்லலைன்னேன். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன், ரெண்டு மாசம் இருந்தேன், அப்புறம்தான் கிளம்பினேன்னான். கோபமாச் சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன், பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னான்.

அத்தை எங்கேன்னு கேட்டேன். தவறிப்போய் நாலு வருஷம் ஆச்சாம். யாரும் எனக்குச் சொல்லலை, சொல்ற மாதிரி நான் வச்சுக்கலை. அப்போதான் அவன், வேலை போனது இருக்கட்டும், எனக்கு வேற வேலை கிடைச்சுது, குழந்தையை ஏன்டா நிறுத்தினேன்னு கேட்டான். நீ வராம போனதும் அத்தை ஒருநாள் ஸ்கூல் வாசல்ல வந்து நின்னாங்களாம், நீ அவங்களைப் பார்த்துட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேகமாப் போயிட்டியாம். நான் அந்தப் புள்ளையை என்ன சொல்லிட்டேன், ஏதாவது கடிஞ்சு பேசிட்டேனான்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். நீ அவங்களுக்குத் தலைவலின்னு நினைச்சு ஒதுங்கினே, அவங்க உன் மனசை நோகடிச்சுட்டோம்னு நினைச்சு ஒதுங்கினாங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒரு பொய்யை வச்சுட்டு நிம்மதியாச் சம்பளம் வாங்கிட்டிருந்தேன். நான் உன்கிட்டச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். அவன், என்கிட்ட மன்னிப்புக் கேட்காதே, மன்னிச்சேன்னு சொல்லிப் பழக்கமில்லை எனக்கு, அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு, அவ தெரிஞ்சுக்கட்டும்னான். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வரலை. தாடையை எடுத்துட்டுப் போன்னு மட்டும் சொன்னான்.

அம்மாவுக்கும் இது புதுசு. நான் சொன்னதுக்கு மறுநாள் தட்டை வைக்கும்போது, எழுதுங்க, போன்ல சொன்னா அவ சரிப்பான்னு சொல்லி வச்சிடுவா, உங்களுக்கும் அதுதான் சௌகரியம்னா. சரியாத்தான் சொன்னா. மத்த பதினாறு வைஸையும் எதுக்குத் தேய்ச்சேன்னு இப்போ புரியுது, ஆனா பதினாறையும் தேய்ச்சதுல ஒருத்தருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அத்தைகிட்டச் சொல்ல வேண்டியதைச் சொல்ல இனி வழியும் இல்லை. மன்னிச்சிடுன்னு உன்னை அவசரப்படுத்த மாட்டேன், அதுவும் என் சௌகரியத்துக்கு ஆயிடும்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாம, நிறைஞ்ச ஆயுசோட இருக்கணும், அதைத் தவிர எனக்கு வேண்டுதல் கிடையாது. குளிர் அதிகம்னு தம்பி சொன்னான், காதை மூடிக்கிட்டு வெளியே போ. அரைமில்லி மாமாவோட நம்பரைக் காகிதத்தோட பின்பக்கம் எழுதியிருக்கேன், காலையில பத்து மணிக்கு மேல இருப்பான், இடது காது சுத்தமாக் கேட்காது, போனை வலது பக்கம் வச்சுக்கச் சொல்லிட்டு உரக்கப் பேசு. அவன்கிட்ட நீ பேசணும்னு நான் கேட்கலை, பேசணும்னு தோணினா பேசு. எனக்கும் போன் பண்ணு. அம்மா பக்கத்துல இருக்கா, தம்பி இருக்கான்னு தயங்காதே. என்னைத் திட்டணும்னு தோணினா நடுவுல நிறுத்தாம, மனசுல இருக்கிறது தீர்ற வரைக்கும் திட்டு, நான் போனை வைக்க மாட்டேன், கேட்டுக்கிட்டே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா