பதினொரு பெருவிரல்கள்

1982 ஓகஸ்ட், வெள்ளி

பிடிபடாத களவுகளைப் பற்றியது என் முதுமாணிப் பட்ட ஆய்வு. என்னை நம்பிப் பதினொரு பேர் கதைத்தார்கள். யார் பெயரையும் எழுதவில்லை. பேராசிரியர் சம்மதத்துக்குச் சான்று கேட்டதால், தாள்களின் அடியில் பெருவிரல் அடையாளம் மட்டும் எடுத்தேன். கைரேகைப் பாடத்தில் முதலாவதாக வந்த மடையன் நான்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது வீட்டில் பொலிஸ் சார்ஜன் இருந்தார். தாள்கள் அவர் மடியில்.

"அதில பேர் ஒண்டும் இல்ல, சேர்."

"பேர் என்னத்துக்குத் தம்பி? இது காணும்." ஒரு பெருவிரல் அடையாளத்தின் மேல் விரலை வைத்தார்.

கட்டோடு கொண்டுபோனார்.

மாலையில் இஸ்மாயில் காக்கா வந்தார். முன்பு சிறையில் மறியல் இருந்தவர்; அப்போதே எடுத்த அவர் கைரேகை பொலிஸிடம் இருக்கும். சாகாமம் ஊரின் மாடுகளைக் களவெடுத்ததை என்னிடம் மட்டும் சொன்னவர்.

"பொலிஸ் வந்தாமே தம்பி? என்ட பேர எழுதல்லதானே?"

"ஓம் காக்கா, எழுதல்ல."

ஓடச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.