காலிப்பட்டையில் விழுந்த புள்ளிகள்

உன் புள்ளிகளை நம் நெறியாளர் திருடிவிட்டார். துறை வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் அவர் பெயரில் வந்திருக்கும் கட்டுரையின் முதல் பக்கத்தையும் நீ வரைந்த படத்தையும் வண்ணத்தில் அச்சிட்டுக் குத்திவைத்திருக்கிறார்கள். வெள்ளைத் தாளில் சிவப்புப் புள்ளிகள், சங்கிலி சங்கிலியாக வளைந்து கீழே இறங்குகின்றன. நீ தேர்ந்தெடுத்த அதே சிவப்பு. அதை மாற்றக்கூட மெனக்கெடவில்லை.

தமிழில் நான் எழுதும் இதை உன்னால் படிக்க முடியாது. உயிரோடு இருந்தாலும் முடிந்திருக்காது. இந்தத் தெலுங்கு ஊரில், ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் வளர்ந்த உனக்குத் தமிழ் பேச்சோடு சரி, அதுவும் பாதி தெலுங்கு, பாதி இந்தி. விழுப்புரத்திலிருந்து வந்த எனக்கு நீதான் அதிபரவளையப் பரப்பு என்றால் என்னவென்று கேண்டீனில் புரியவைத்தாய், உன் அப்பாவின் பேண்டை உதாரணம் சொல்லி.

"இடுப்பு ஒண்ணு, காலு ரெண்டு. மூணு வாயும் போய்ட்டே இருக்கு, விரிஞ்சிட்டே இருக்கு, முடிவே லேது. உள்ள ஒரு அலைய விடு. நடுவுல கொஞ்ச நேரம் சுத்தும், அப்புறம் ஏதாவது ஒரு வாய் வழியா ஓடிப்போயிடும். ஹவ்னு சொல்லு."

"ஹவ்" என்றேன். உங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான் சொல்.

அலை அப்படிச் சுற்றிவிட்டுப் போகும் ஒவ்வொரு விதத்துக்கும் தாளில் ஒரு புள்ளி. அதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். அது எவ்வளவு வேகமாக அதிர்கிறது, எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதைப் புள்ளி இருக்கும் இடமே சொல்லிவிடும். தாளில் வரைந்த எல்லைக்கோட்டுக்கு அருகில் இருந்தால் மெதுவாக அடங்கும். அந்தக் கோட்டை ஒட்டி ஒரு பட்டை உண்டு, மேலே போகப் போக அதில் புள்ளியே இருக்காது என்பது நெறியாளரின் ஊகம். பல வருடங்களாக அதைச் சொல்லித்தான் மாநாடுகளில் கைதட்டு வாங்கினார். உன் புள்ளிகள் அந்தப் பட்டைக்குள் போய் விழுந்தன.

"புரோகிராம் தப்பும்மா. அதையெல்லாம் துடைச்சிட்டு செமினாருக்குக் கொண்டா" என்றார்.

நீ துடைக்கவில்லை. பரப்பின்மேல் சுற்றி வந்து சேரும் பாதைகளைக் கூட்டித்தான் புள்ளிகளைக் கண்டுபிடிக்கிறோம். இன்னும் நீளமான பாதைகளைச் சேர்த்தால் பொய்ப் புள்ளி இடம் மாறி ஓடும், நிஜப் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கும். சேர்த்துப் பார்த்தாய். ஒன்றும் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்பதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தாய். செமினாரில் அதைப் பலகையில் எழுதத் தொடங்கியதும் அவர் குறுக்கே பேசினார்.

"படம் அழகா இருக்கு. ப்ரூஃபெல்லாம் உனக்கு எதுக்கு? கோடிங் நல்லா வருது, அதைப் பண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். நம் துறையில் யாருக்குக் கோடிங் நன்றாக வரும் என்பது முதல் வருடமே முடிவாகிவிடும், அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்ட நிமிடத்திலேயே. உன் அப்பா தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார் என்று நீ சொன்னபோது நெறியாளர் "வெரி குட்" என்றாரே, அது உனக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்தாயா? உனக்கான வேலையை அன்றே ஒதுக்கிவிட்டார்.

வெளியே வந்து உன் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாய்.

"நக்கோ யார், வேணாம்டி, அழமாட்டேன். புள்ளி எங்க போயிடும்? பேப்பர் வந்தா என் பேருதான் ஃபர்ஸ்ட். நான் ஏ. அவர் வி."

கணிதக் கட்டுரையில் ஆசிரியர் பெயர்கள் அகரவரிசைதான், சீனியர் ஜூனியர் கிடையாது. உலகத்திலேயே நியாயமான க்யூ என்பாய். அந்த மழைக்காலத்தில் டெங்கு வந்தது. க்யூவில் நிற்க நீ இல்லை.

இப்போது கட்டுரையின் சுருக்கத்திலேயே "எதிர்பாராத புள்ளிகள்" என்று வருகிறது. உள்ளே இருக்கும் நிரூபணத்தின் முதல் படி நீ அன்று பலகையில் பாதி எழுதியது. பெயர் அவருடையதும், வெளிநாட்டு நண்பர் ஒருவருடையதும். உன் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றியில்.

போன ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். எடுத்துப்போகாமல் இருந்திருக்கலாம். உன் அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை இரண்டு முறை பார்த்தார்.

"பாப்பா பேரு எங்கம்மா இருக்கு?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"படத்துக்கு உதவி பண்ணுச்சின்னு போட்டிருக்கு. அஞ்சு வருசமா படமா வரைஞ்சிட்டிருந்துச்சு?"

உன் அம்மா உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார். டீ ஆறிப்போனது.

உன் புரோகிராம் என் கணினியில் இருக்கிறது. நீ சேர்த்ததைவிட நீளமான பாதைகளைச் சேர்த்து ஓட்டிக்கொண்டே இருக்கிறேன். என் வேலைக்கு அது தேவையில்லை. புள்ளிகள் அசையவில்லை என்று யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்று மதியம் நெறியாளர் அறைக்குப் போனேன். என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான். தெரிந்துதான் போனேன்.

"சார், இறந்தவங்க பேரை ஆசிரியர் வரிசையில போடலாம். பக்கத்துல ஒரு சின்னக் குறி போட்டா போதும். இதழுக்குத் திருத்தம் அனுப்புங்க."

"உட்காரும்மா. எனக்கும் வருத்தம்தான். ஆனா அவளே இல்ல, இனிமே அவளுக்கு இது எதுக்கு?"

"அது அவளோடது."

"சென்டிமென்ட் வேற, மேத்ஸ் வேற. உன் தீசிஸ் எந்த மட்டுல இருக்கு?"

நான் உட்காரவில்லை.

"தீசிஸ் கிடக்கட்டும் சார். அந்தப் புள்ளிகளை யாரு கண்டுபிடிச்சான்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

அவர் திரையின் பக்கம் திரும்பி மின்னஞ்சல் படிக்கத் தொடங்கினார். நான் கதவருகே நின்றேன்.

"சொல்லுங்க சார்."