மீனம்பாக்கம் இருக்க ஏன் பெங்களூர்?

இருமல் சத்தம் ஓய்ந்த பிறகும் பக்கத்து அறையில் இருப்பவராகவே நான் எண்ணிக்கொண்டிருக்கும் என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

முதலில் ஒரு திருத்தம். பிலோமினா டீச்சருக்கு விமானத்தில் ஏறப் பயம், அதனால்தான் வீட்டில் சண்டை போடுகிறார் என்று நம் கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். பாடகர் குழுவில் சொல்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் சொல்கிறார்கள். அது பொய். விமானத்தைக் கண்டு எனக்கு எந்தப் பயமும் இல்லை. என்னை அதில் ஏற்றுகிறவர்கள் மீதுதான் சந்தேகம்.

ஒவ்வொரு வருடமும் உங்கள் நினைவுத் திருப்பலியன்று ஆரோக்கியம்தான் ஒரு தாள் அச்சடித்து எல்லோருக்கும் கொடுப்பான். உங்கள் படம், ஒரு வேத வசனம், கீழே குடும்பத்தார் பெயர். இந்த வருடம் நானே எழுதி, நானே அச்சகத்தில் கொடுத்தேன். நம் மகனும் மற்றவர்களோடு சேர்ந்து இதை இப்போதுதான் வாசிக்கிறான். நிமிர்ந்து பார்க்காதே ஆரோக்கியம், வாசி.

விஷயம் இதுதான். வருகிற மே மாதம் மறைமலை நகரில் அவனுடைய கம்பெனியை ஒரு வாரம் மூடுகிறார்கள். மிஷின்களைக் கழற்றித் துடைத்துப் பூட்டுகிற அந்த வாரம்தான் எல்லோருக்கும் விடுமுறை. அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. பம்பாயில் இருக்கும் நம் மகள் லில்லியைப் பார்த்துவர வேண்டும் என்று போன கிறிஸ்துமஸிலிருந்தே பேச்சு. ரயிலில் போகலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் ஆரோக்கியம் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "அம்மா, இந்தத் தடவ ஃப்ளைட்டும்மா. உன் முட்டியை வெச்சிக்கினு ரயில்ல அவ்ளோ நேரம் நீ எப்டி உக்காருவ? எல்லாம் உனக்காகத்தான்."

எனக்காக. மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கம்பி மாற்ற அவனிடம் நான் எத்தனை முறை கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. அவன் திடீரென்று என் முட்டியை நினைத்து விமானம் பிடிக்கிறான் என்றால், நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா?

மலிவான டிக்கெட் தேடி அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். லீவு நாளெல்லாம் மெட்ராஸ் போய் வரிசையில் நின்றான். அங்கே முன்னாலும் பின்னாலும் அவன் கம்பெனி ஆட்களே நின்றார்களாம். எல்லோருக்கும் அதே வாரம்தானே லீவு. இடமே இல்லை என்றார்கள். கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் புதிதாக வந்திருக்கும் ஒரு டிராவல்ஸ்காரர் கண்டுபிடித்துக் கொடுத்த வழி, பெங்களூர் வரை பஸ், அங்கிருந்து பம்பாய்க்கு விமானம். மீனம்பாக்கம் நமக்கு எவ்வளவு தூரம்? அதை விட்டுவிட்டு யாராவது பெங்களூர் போய் ஏறுவார்களா?

இதற்கு நடுவில் ஜெனியின் வயது. பன்னிரண்டு முடியாத பிள்ளைக்கு அரை டிக்கெட். நம் பேத்திக்குப் பிப்ரவரியிலேயே பன்னிரண்டு முடிந்துவிட்டது. மருமகள் ஸ்டெல்லா அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள்: "யார்னா கேட்டா பதினொண்ணுன்னு சொல்லணும், இன்னா?"

"எந்தக் கிளாசுன்னு கேட்டா?"

"வாய மூடிக்கோ. அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"ஆயாவைக் கேட்டா?"

அந்தப் பிள்ளை புத்திசாலி. என்னை யார் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வேன் என்று சமையலறையிலிருந்தே சொல்லிவிட்டேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்துவிட்டு, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையை வாயில் பொய்யோடு விமானத்தில் ஏற்ற நான் ஒத்துக்கொள்ள முடியுமா? முழு டிக்கெட் எடுத்தார்கள். ஸ்டெல்லா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த அரை டிக்கெட்டை வேறு எங்கே மிச்சம் பிடிப்பது என்று அப்போதுதான் யோசித்தார்களோ என்னவோ.

பெங்களூர் விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. போன வாரம் நானே பஸ் ஏறி அந்த டிராவல்ஸ்காரரைப் பார்க்கப் போனேன். சின்ன அறை. மேசைமேல் ஒரு பொம்மை விமானம், அதன் ஒரு இறக்கையில் பிளாஸ்திரி. தன் விமானத்துக்கே பிளாஸ்திரி போட்டிருப்பவரை எப்படி நம்புவது?

"வாங்கம்மா, குந்துங்க. காபி சொல்லட்டா?"

"காபி வேண்டாம். மீனம்பாக்கத்தை விட்டுவிட்டு எங்களை ஏன் பெங்களூருக்கு அனுப்புகிறீர்கள்?"

"இன்னாம்மா இது தெரியாதா? எவ்ளோ தூரம் பறக்குதோ அவ்ளோ சார்ஜி. பெங்களூர்லேர்ந்து பம்பாய் கிட்ட. பஸ்ஸு இதோ நம்ம ரோட்டு மேலயே போவுது. அப்புறம் இன்னொண்ணும்மா. மீனம்பாக்கம்னா உங்க தெருவே வேன் புடிச்சினு டாட்டா காட்ட வரும். ஆளுக்கொரு மாலை, வழியில டிபனு. அந்தச் செலவுல இன்னொரு ஆளு பறந்துடலாம்!"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான். நம் மண்ணூரில் யார் துபாய் போனாலும் ஒரு வேன் நிறைய ஆட்கள் போய்க் கையசைத்துவிட்டு வருகிறார்கள். யார் போனார், எப்போது வருவார் என்று ஊருக்கே தெரியும். பெங்களூர் பஸ்ஸில் ஏறுகிற கிழவியை யார் வழியனுப்ப வருவார்கள்? யார் எண்ணி வைத்திருப்பார்கள்?

"திரும்பி வருவதும் பெங்களூர் வழியாகத்தானா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ரிட்டன் ரயிலு. அதான் உங்களுக்குச் செலவு கட்டுது. மூணு பெர்த்து, கன்ஃபார்ம் ஆயிடுச்சி."

"மூன்றா?"

"சாரு, மேடம், பாப்பா."

"நான்?"

அவர் பொம்மை விமானத்தை எடுத்து வேறு பக்கம் திருப்பி வைத்தார். "சார் உங்களுக்குப் போவறதுக்கு மட்டும்தாம்மா போடச் சொன்னாரு. நீங்க பொண்ணு வூட்ல..." அதோடு நிறுத்திக்கொண்டார். "காபி சொல்லட்டாம்மா?"

நீங்கள் ஆலையின் டைம் ஆபீசில், ஆட்களின் வருகை அட்டையைப் பார்த்துக்கொண்டு முப்பது வருடம் உட்கார்ந்தவர். உள்ளே போன அட்டையெல்லாம் ஷிப்ட் முடிந்ததும் வெளியே வந்தாக வேண்டும் உங்களுக்கு. ஒரு அட்டை குறைந்தாலும் வீட்டுக்கு வரமாட்டீர்கள், ஆளைத் தேடிப் பட்டறைக்குள் போவீர்கள். ஒரு நாள் ஒருவர் பாய்லருக்குப் பின்னால் மயங்கிக் கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தீர்கள். அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் நான். நான்கு பேர் போய் மூன்று பேர் திரும்பும் கணக்கு எனக்குப் புரியாமல் போகுமா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "ஆரோக்கியம், என் முட்டி ரயிலில் உட்காராது என்றுதானே விமானம் எடுத்தாய்?"

"ஆமாம்மா."

"திரும்பும்போது எல்லோரும் ரயில். என் முட்டி எதில் திரும்புகிறது?"

அவன் மீன் முள்ளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தான். "அதப் பாத்துக்கலாம்மா. இன்னா அவசரம் இப்போ?"

ஸ்டெல்லா நடுவில் வந்தாள். "அத்தை, லில்லி அண்ணிகூடக் கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்களேன். அவங்களுக்கும் ஆசையா இருக்காதா?"

"கொஞ்ச நாள் என்றால்?"

ஸ்டெல்லா எழுந்து தண்ணீர் எடுத்துவரப் போனாள். ஜெனி அப்பளத்தை நொறுக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்கு எதிரே, வேர்க்கடலை போட்ட நிலத்தில், ஏதோ தொழிற்சாலைக்குக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் இரண்டு பேர் சாம்பல் புதனன்று நம் வீட்டுக்கு வந்து, என் அறையை டேப் வைத்து அளந்தார்கள். கேட்டால் வெள்ளையடிக்க என்றான் ஆரோக்கியம். வெள்ளையடிக்கிறவன் சுவரை அளப்பான். இவர்கள் தரையை அளந்தார்கள், எத்தனை கட்டில் போட்டுக் குடிவரலாம் என்று பார்ப்பவர்கள்போல.

என் சந்தேகம் தவறாக இருக்கலாம். லில்லி உண்மையிலேயே அம்மா கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று கேட்டிருக்கலாம். அவள் நல்ல பெண். அவள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. எனக்குத் தெரியும். ஆனால் எழுபது வயதுக்காரியை ஆயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தால், அப்புறம் ஜூனில் மழை என்பார்கள், பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்பார்கள், உடம்புக்கு முடியாதபோது அலைய வேண்டாம் என்பார்கள். ஒருவரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. அப்படியே நான் அங்கேயே இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்து, பாஷை தெரியாத ஒரு கல்லறைத் தோட்டத்தில் யாரோ ஒருவர் பக்கத்தில் படுத்திருப்பேன். உங்கள் கல்லில் உங்கள் பெயருக்குக் கீழே எனக்கென்று வெறுமையாக விட்ட இடம் வெறுமையாகவே இருக்கும். அப்போது கல்லறைத் திருநாளில் உங்களுக்கு யார் மெழுகுவத்தி ஏற்றுவார்கள்?

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். லில்லியைப் பார்க்கப் போவேன். விமானத்திலேயே போவேன், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தே போவேன். திரும்பி வருவேன். முட்டி வலித்தாலும், பெர்த் கிடைக்காமல் பெட்டிமேல் உட்கார வேண்டி வந்தாலும், இந்த மண்ணூருக்குத்தான் வருவேன். எனக்கு அவசரமில்லை, ஆனால் என் இடம் உங்கள் பக்கத்தில்தான்.

உங்கள் கைப்பிடித்தவள்,
ஆரோக்கியத்துக்கும் லில்லிக்கும் தாய்,
பிலோமினா

பின்குறிப்பு, மகனுக்கு: பம்பாயிலிருந்து நான் எந்தத் தேதியில், எதில் திரும்பி வருகிறேன், வந்தபின் எந்த அறையில் இருக்கப்போகிறேன் என்பதை எழுதி, கையெழுத்துப் போட்டு, பெங்களூர் பஸ் ஏறுவதற்கு முன் என்னிடம் கொடு. வாயால் சொல்ல வேண்டாம். பதில் எழுத்தில் வேண்டும்.